லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) சிகிச்சையில் ரத்தம் ஏற்ற வேண்டிவருமா? முன்கூட்டியே தெரியுமா?

உறுதியாகச் சொல்ல முடியாது, ஓரளவு கணிக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது கீமோ தொடங்கும் முன் உள்ள ஹீமோகுளோபின். அப்போதே 10-க்குக் கீழே என்றால் வாய்ப்பு அதிகம். எலும்பு மஜ்ஜைக்குள் நோய் பரவியிருந்தால் இன்னும் அதிகம். ரத்தம் ஊறும் இடத்தையே அடைத்துக்கொள்கிறதே! வயது, சிறுநீரக நிலை, மருந்தின் வீரியம் எல்லாம் அடுத்தபடி.

ஆர்-சாப் (R-CHOP என்னும் மருந்துக் கூட்டு) போன்ற 21 நாள் சுற்றில் வெள்ளை அணுவும் தட்டணுவும் (பிளேட்லெட்) பெரும்பாலும் 10–14ஆம் நாளில் அடிமட்டத்துக்கு இறங்கும். ஹீமோகுளோபின் அப்படியல்ல, சுற்றுக்குச் சுற்று மெல்லக் கரையும். ஆகவே ஒரு சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை) அறிக்கையை மட்டும் பார்த்துப் பதறாமல் முந்தையவற்றோடு ஒப்பிடுங்கள்.

பொதுவாக ஹீமோகுளோபின் 7-க்கோ, தட்டணு 10,000-க்கோ கீழே போனால் ஏற்றுவார்கள். இதயநோயோ ரத்தக்கசிவோ இருந்தால் முன்னதாகவே. ஹாட்ஜ்கின் வகை லிம்போமா என்றால், கதிர்வீச்சு செலுத்திய ரத்தம்தான் வேண்டுமா என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.