எந்த டாக்டர் பேச்சைக் கேட்பது?

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, திருவனந்தபுரத்தில் ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைக்காமலிருக்க வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். இப்போது பல் பிடுங்க வேண்டும். குடும்ப டாக்டர் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளை ஐந்து நாள் நிறுத்தச் சொல்கிறார். இதய டாக்டரோ ஒரு வேளைகூட விடக்கூடாது என்றார். யார் பேச்சைக் கேட்பது? (ஸ்டென்ட் வைத்தது குடும்ப டாக்டருக்குத் தெரியாது. கேட்காமல் போய்விட்டோமே என்று வருத்தப்படுவார் என ஃபைலைக் காட்டவில்லை.)
— வாசகர், தக்கலை

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினும் குளோபிடோகிரெல் போன்ற இன்னொன்றும் வழக்கமாக ஓராண்டு தருவார்கள். நாலாம் மாதத்தில் இரண்டையும் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம், உயிருக்கே ஆபத்து. பல்லைப் பெரும்பாலும் மாத்திரையோடேயே பிடுங்கலாம். பஞ்சு வைத்து அழுத்தியோ தையல் போட்டோ ரத்தத்தை நிறுத்தப் பல் டாக்டருக்குத் தெரியும்.

குடும்ப டாக்டரைக் குறை சொல்லாதீர்கள். ஸ்டென்டை மறைத்தது நீங்கள். அவர் என்ன, ஜோசியரா? கேரள எல்லையான களியக்காவிளை தாண்டிப் போய் வைத்தியம் பார்ப்பதும், வந்ததும் ஃபைலைப் பீரோவில் பூட்டுவதும் நம் மாவட்டத்துப் பழக்கம். அப்பாவுக்குப் பழைய வயிற்றுப்புண் உண்டா, மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்குகிறாரா என்பதெல்லாம் உள்ளூர் டாக்டருக்குத்தான் தெரியும். ரத்தம் உறையாத மாத்திரையோடு அந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். திருவனந்தபுரத்தில் இதைச் சொன்னீர்களா?

இன்னொன்று. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறார். குடும்ப டாக்டர் ஒன்று எழுதுகிறார், இதய டாக்டர் ஒன்று எழுதுகிறார். அட்டையில் பெயர் வேறு, உள்ளே அதே அம்லோடிபின். மூன்றையும் விழுங்கிவிட்டுக் காலையில் தலை சுற்றுகிறது என்பார்கள்.

இதய டாக்டர்களுக்கும் சொல்கிறேன்: லட்சக்கணக்கில் பில் போடும் இடத்தில், ஊரிலுள்ள டாக்டருக்கு நாலு வரிக் கடிதம் எழுத நேரமில்லையா? எந்த மாத்திரை, எதுவரை, நிறுத்துமுன் யாரை அழைப்பது, அவ்வளவு போதும்.

அடுத்த முறை போகும்போது அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். இப்போதைக்கு டிஸ்சார்ஜ் சம்மரியை நகலெடுத்து, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளோடும் குடும்ப டாக்டரிடம் போங்கள். பல்லைப் பற்றி இதய டாக்டரிடம் அவரையே போனில் பேசச் சொல்லுங்கள். அவர் வருத்தப்பட்டால் படட்டும், அரைமணியில் ஆறிவிடும்.