சங்கக்கடை யாருடைய கடை?

கேள்வி: எங்கள் அம்மம்மா இன்றைக்கும் "கூப்பன் கடைக்குப் போட்டு வா" என்றுதான் சொல்வா. அந்தச் சங்கக்கடைப் பலகையில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் என்று எழுதியிருக்கிறது. அப்பாவோ அது அரசாங்கக் கடை என்கிறார். யார் சொல்வது சரி? – வாசகி, சாவகச்சேரி

பதில்: சட்டப்படி பார்த்தால் பலகை சொல்வதுதான் சரி. பங்குப் பணம் கட்டிய அங்கத்தவர்களின் கடை அது. ஆனால் அம்மம்மாவிலும் அப்பாவிலும் பிழை சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்தக் கடை பிறந்த விதமே அப்படி.

இலங்கையில் கூட்டுறவுச் சட்டம் 1911இலேயே வந்துவிட்டது. அது கடன் கொடுக்கும் சங்கங்களுக்கானது, அரிசி சீனி விற்கும் கடைகளுக்கானதல்ல. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு கூட்டுறவுப் பண்டகசாலைகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். பிறகு 1942 வந்தது. அந்தக் காலத்தில் நாட்டுக்குத் தேவையான அரிசியில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வரும், அதிலும் பெரும்பகுதி பர்மா அரிசி. மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது, ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டார்கள், அரிசிக் கப்பல் நின்றுபோனது. இருக்கிற அரிசியை முதலாளிமார் பதுக்கிவைத்து விலையேற்றாமல் வீட்டுக்கு வீடு அளந்து கொடுக்க வேண்டும், அதற்கு ஊர் தோறும் ஒரு கடை வேண்டும். ஊராரைப் பங்கு சேர்க்கச் சொல்லி, சங்கம் பதியச் சொல்லி, கூப்பன் அரிசியை, அதாவது பங்கீட்டுச் சீட்டுக்கு அளந்து கொடுக்கும் அரிசியை, அந்தக் கடைக்கே கொடுத்தார்கள். மூன்றே வருடத்தில் நாடு முழுவதும் ஏறக்குறைய 4,000 கடைகள்!

இதை இங்கிலாந்து ரொச்டேல் ஊரோடு ஒருக்கால் வைத்துப் பாருங்கள். அங்கே 1844இல் 28 தொழிலாளிகள் சில்லறை சில்லறையாகச் சேர்த்த 28 பவுணோடு வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ் மா, மெழுகுதிரி என்று நாலைந்து சாமான் வைத்துக் கடை திறந்தார்கள். கலப்படம் இல்லை, கடனும் இல்லை, வருகிற இலாபத்தை வாங்கின சாமானின் அளவுக்கேற்பப் பிரிப்பது. யாரும் அவர்களைத் திறக்கச் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கடை கூப்பனுக்காகத் திறந்த கடை. பங்கு கட்டினவர்கள்கூட அதைக் கடைக்குள் நுழையக் கொடுத்த காசாகத்தான் நினைத்திருப்பார்கள். இலாபப் பங்கு வந்ததா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டு நான் அறியேன். உமல் பையும் மண்ணெண்ணெய்ப் போத்தலும் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற எனக்கு, "மனேஜர் இன்றைக்கு நல்ல மனதோடு இருக்கிறாரா" என்பது மட்டும்தான் கவலை. ஒருநாள் என் முறை வர, சீனி முடிந்தது என்று கதவைப் பூட்டிவிட்டார். அடுத்த வீட்டுக்காரர் பின்பக்கத்தால் இரண்டு இறாத்தல் கொண்டுபோனதை நான் கண்டேன். சரி, அது பழைய கதை.

கூப்பன் அரிசி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1953இல் ஒரு கொத்து (அரிசி அளக்கும் அளவை) 25 சதத்துக்குக் கொடுத்த அரிசியை 70 சதமாக்கினார்கள், ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் என்ற கடையடைப்புப் போராட்டம் வெடித்தது, ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க பிரதமர் பதவியை விட்டார். 1966இல், மறுபடி பிரதமராக வந்திருந்த அதே டட்லி வாரத்துக்கு இரண்டு கொத்தை ஒன்றாகக் குறைத்து, அந்த ஒன்றை இலவசமாக்கினார். குறைந்த கொத்தைத் திருப்பித் தருவேன் என்ற ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க 1970 தேர்தலில் வென்றார். இப்படி ஆட்சியையே ஆட்டிய அரிசி சங்கக்கடைத் தராசில்தான் விழுந்தது, அப்புறம் சனம் அதை அரசாங்கக் கடை என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்?

கேள்வி: முன்பு எங்கள் ஊருக்கென்றே தனிச் சங்கம் இருந்ததாம். இப்போது ஐந்தாறு ஊருக்கு ஒரு சங்கம், எங்கள் ஊரில் இருப்பது வெறும் கிளை. யார் பறித்தது? – வாசகர், மானிப்பாய்

பதில்: இரண்டு படியில் நடந்தது. 1957இல் விவசாய, உணவு அமைச்சராக இருந்த பிலிப் குணவர்தன, கடன், கடை, நெல் கொள்வனவு எல்லாவற்றையும் ஒரே சங்கம் செய்யட்டும் என்றார். பலநோக்கு என்ற பெயர் அப்போது வந்தது. பிறகு 1970களின் தொடக்கத்தில் சிறிய சங்கங்கள் நட்டத்தில் ஓடுகின்றன என்று ஆயிரக்கணக்கானவற்றை இணைத்து முந்நூற்றுச் சொச்சமாக்கினார்கள். கணக்கு வழக்குக்கு அது நல்லதாக இருந்திருக்கலாம். ஆனால் ஊர்ச் சங்கத்தில் மனேஜர் எடை குறைத்தால் அன்றைக்குப் பின்னேரமே கோயில் வாசலில் வைத்துக் கேட்கலாம், இணைந்த பிறகு எங்கேயோ இருக்கிற தலைமையகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். எனக்கு அது பெரிய இழப்பாகத்தான் படுகிறது.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது, 1979இல் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது, தனியார் கடைகள் பெருகின. பிறகு உள்நாட்டு யுத்த காலத்தில் இடம்பெயர்ந்த சனத்துக்கு நிவாரண அரிசி, மா, பருப்புக் கொடுக்கச் சங்கங்களைத்தான் மறுபடி தேடினார்கள்.

கேள்வி: யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்துக்கும் கூட்டுறவுக்கும் என்ன தொடர்பு? – வாசகர், கொக்குவில்

பதில்: மண்டபமே கூட்டுறவாளர் கட்டியதுதான். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராகவும் வட்டுக்கோட்டை நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த வீ. வீரசிங்கம் வடக்கில் கூட்டுறவை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர், அதனால் அவர் பெயர். 1930களில் தொடங்கிய மூளாய் கூட்டுறவு வைத்தியசாலையையும் ஒருக்கால் போய்ப் பாருங்கள். அதைக் கூப்பனுக்காக யாரும் திறக்கவில்லை.