உபுண்டு நிறுவியில் எஸ்எஸ்டி தெரியாதது குறித்து

வணக்கம். விண்டோஸ் 11 உள்ள இன்டெல் மடிக்கணினியில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவ முயன்றபோது, யூஎஸ்பியிலிருந்து நிறுவி (இன்ஸ்டாலர்) ஒழுங்காகத் தொடங்கியும் 512 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம் மட்டும் பட்டியலில் வரவில்லை என்றும், அது பழுதாகிவிட்டதோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். விண்டோஸ் அதிலிருந்துதானே இயங்குகிறது. அந்த அச்சம் வேண்டாம். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) சேமிப்பக முறை இன்டெலின் ஆர்எஸ்டி (RST) அல்லது விஎம்டி (VMD) என்று இருந்தால் பல நேரங்களில் லினக்ஸ் நிறுவிக்கு எஸ்எஸ்டி தென்படாது. அதை ஏஎச்சிஐ (AHCI) என்ற பொதுவான முறைக்கு மாற்ற வேண்டும்.

ஆனால் நேராகப் போய் மாற்றிவிடாதீர்கள், விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். முதலில் கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்து, விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் குறித்துக்கொண்டு, பிட்லாக்கரை முழுமையாக நீக்குங்கள். பிறகு எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியின் பூட் பகுதியில் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுத்து, மறுதொடக்கத்தின்போது பயாஸுக்குள் சென்று ஏஎச்சிஐ-க்கு மாற்றினால், விண்டோஸ் சேஃப் மோடில் (அடிப்படை வசதிகளோடு மட்டும் தொடங்கும் நிலை) எழும்போது தேவையான இயக்கியை (டிரைவர்) தானே ஏற்றிக்கொள்ளும். அங்கே பின் (PIN) எண் செல்லாமல் போகலாம் என்பதால் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும் சேஃப் பூட் தேர்வை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

விண்டோஸ் வழக்கம்போல் வந்தபின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (கணினியை அணைக்கும்போது விண்டோஸை முழுதாக மூடாத வசதி) அணைத்து, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவி வழியாகவே சி பிரிவைச் சுருக்கி 60 ஜிபி அளவு காலியிடம் விடுங்கள். விண்டோஸின் பிரிவை விண்டோஸே சுருக்குவதுதான் பாதுகாப்பு என்பது என் கருத்து. அதன்பின் நிறுவியில் எஸ்எஸ்டி தெரிய வேண்டும். அப்போதும் தெரியாவிட்டால் பயாஸ் திரையைப் படமெடுத்து இங்கே இடுங்கள்.