வேதியியல் மேஜர், சுற்றுச்சூழல் உயிரியல் மைனர்: ஒத்துவருமா?

கேள்வி: நாங்கள் கடலூர் முதுநகரில் இருக்கிறோம். என் மகள் புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு படிக்கிறாள். மைனராகச் சுற்றுச்சூழல் உயிரியல் எடுக்கப்போகிறேன் என்கிறாள். பிளஸ் டூவில் அவள் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டாயிற்று. சமாளிப்பாளா? வேலைக்கு உதவுமா? சேறு, காடு என்று அலையவிடுவார்களா?

பதில்: மேஜர் முதன்மைப் பாடம், மைனர் அதோடு சேர்த்துப் படிக்கும் இரண்டாம் பாடம். முதலில் மைனர் என்றால் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட கட்டமைப்பின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், அதாவது படிப்பின் அளவைச் சொல்லும் புள்ளி. அதில் மேஜருக்கு 60, மைனருக்கு 24. ஒரு தாளுக்கு நான்கு கிரெடிட் என்று வைத்தால் ஆறு தாள். நான்காம் ஆண்டும் தொடர்ந்தால் மைனர் 32 ஆகும். எல்லா மாணவர்களும் கட்டாயமாக எழுதும் சுற்றுச்சூழல் கல்வித் தாள் வேறு, இது வேறு. கடலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ‘அலைடு’ (துணைப்பாடம்) என்று சொல்வதோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே பாடத்திட்டமே வேறு.

மைனர் இரண்டாவது பட்டம் ஆகாது. வேலை அறிவிப்பில் ‘இந்தப் பாடத்தில் பட்டம்’ என்று கேட்டால் மேஜரைத்தான் பார்ப்பார்கள். அது உங்கள் மகளுக்குச் சாதகம் என்பேன். இந்திய வனப்பணித் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தகுதியான பாடங்களில் தாவரவியல், விலங்கியலோடு வேதியியலும் உண்டு. சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயர் அந்தப் பட்டியலில் கிடையாது! பெயரில் ‘சுற்றுச்சூழல்’ இருப்பதால் அதையே மேஜராக எடுத்துவிட்டுப் பிறகு விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேதியியல் அடியில் இருக்க, உயிரியல் மேலே ஏறுவதுதான் நல்ல அடுக்கு.

ஏன் என்பதற்கு உங்கள் ஊர் உப்பனாறே போதும். ஆற்றுநீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்க 300 மில்லி கண்ணாடிப் புட்டியில், ஒரு காற்றுக் குமிழிகூட நுழையாமல் நீரைப் பிடிக்க வேண்டும். அங்கேயே, கரையில் நின்றபடியே, மாங்கனீஸ் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் விடுவார்கள். பழுப்பாக வீழ்படிவு திரண்டால் நீரில் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. அப்புறம் அமிலம் விட்டு, ஸ்டார்ச் சேர்த்து, தயோசல்பேட்டால் தரம்பார்த்தல். நீலம் மறைகிற துளியில் நிறுத்த வேண்டும். இதுவரை உங்கள் மகள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்.

ஆனால் கிடைக்கிற எண்ணுக்குப் பொருள் சொல்ல வேதியியல் மட்டும் போதாது. பாசி மண்டிய நீரில் பிற்பகலில் அளந்தால் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும். பகலெல்லாம் ஒளிச்சேர்க்கை நடந்திருக்கிறது. அதே இடத்தில் விடியுமுன் அளந்தால், இரவெல்லாம் எல்லா உயிர்களும் மூச்சுவிட்டுத் தீர்த்த மிச்சம்தான் இருக்கும். ஜிலேபி மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அந்த நேரத்தில்தான். சேற்றைக் கிளறினால் சிவப்புப் புழுக்கள் நெளிகின்றனவா? அவை கொசு போன்ற ஒருவகைச் சிறு ஈக்களின் இளம்பருவம். உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கும். வேறெதுவும் இல்லாமல் அவை மட்டுமே குவிந்திருந்தால் அந்த இடத்துக்கு மூச்சுத் திணறுகிறது என்று பொருள். புட்டியில் அளந்த எண் அந்த நொடியைத்தான் சொல்லும். புழு பல வாரக் கதையைச் சொல்லும்.

வேலைக்கும் இங்கேதான் முடிச்சு. ஆலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பாதி வேலையைச் செய்வது நுண்ணுயிர்கள். பி.ஓ.டி., அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற சோதனை, போடத் தெரிந்த வேதியியலாளர் நிறையப் பேர் இருக்கிறார்கள். தொட்டியின் ஒரு சொட்டு ஸ்லட்ஜை (நுண்ணுயிர்கள் நிறைந்த சேற்றுக்கழிவை) நுண்ணோக்கியில் வைத்து, காம்பில் மணி தொங்குவதுபோல் வார்ட்டிசெல்லா என்ற ஒருசெல் உயிர் இருக்கிறதா என்று பார்த்து, ‘தொட்டி நன்றாக இருக்கிறது’ என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. நீர்ப் பரிசோதனைக் கூடங்களும், 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்களும் இந்த இரண்டும் தெரிந்தவரை விரும்பும். அதற்காகப் பட்டம் வாங்கிய மறுநாளே நல்ல சம்பளம் என்று சொல்ல மாட்டேன். இந்தத் துறையில் எம்.எஸ்சி.க்குப் பிறகுதான் கதவு சரியாகத் திறக்கும். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல் துறையும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் உங்களுக்குப் பக்கம்தான். எம்.எஸ்சி. சேர்க்கைக்கு மேஜர் எதுவாக இருக்க வேண்டும் என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

உயிரியல் படிக்காதது பெரிய தடை இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூலின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல், விலங்கியல் புத்தகங்கள் இணையத்தில் இலவசம். அவற்றில் சூழலியல் பகுதியையும் வகைப்பாட்டுப் பகுதியையும் விடுமுறையில் படித்தால் தாக்குப்பிடிக்கலாம். உண்மையில் இந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவது புள்ளியியலில். கம்ப்யூட்டர் குரூப்பில் கணக்குப் படித்து வந்தவருக்கு அங்கே பயமில்லை.

சேருமுன் துறையில் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ஆறு தாளில் எத்தனை தாளுக்குச் செய்முறை இருக்கிறது, வருடத்துக்கு எத்தனை நாள் வெளியே கூட்டிப்போகிறார்கள்? செய்முறையே இல்லை, ஓசோன் ஓட்டை பற்றிக் குறிப்பு எழுதுவதுதான் பாடம் என்றால் அந்த மைனர் வேண்டாம். கம்ப்யூட்டரையே எடுக்கச் சொல்லுங்கள்.

அலைச்சல் உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. பெரும்பாலும் ஊசுட்டேரியில் பறவைக் கணக்கு, பிச்சாவரத்தில் ஒருநாள், அப்படித்தான் இருக்கும். ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) பார்க்காமல் மாணவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், நீர் வடிந்து சேற்றில் தட்டி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கே உண்டு. தவறு என்னுடையதுதான். தொப்பி, தண்ணீர், மாற்று உடை கொடுத்தனுப்புங்கள். செருப்பு மட்டும் வேண்டாம். வெண்கண்டல் மரத்தடியில் மூச்சுவேர்கள் ஆணி அடித்ததுபோல் சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். கணுக்காலை மூடும் பழைய ஷூ ஒன்று வீட்டில் கிடந்தால் அதுவே போதும், புதிது வாங்க வேண்டாம்.