ஆறா, எட்டா? வளைகுடாவில் வண்டி வாங்குவோரின் கேள்விகளுக்குப் பதில்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பெட்ரோல் இன்ஜின் வேலையில் எனக்கு 19 வருடம் ஆகிறது. கைக்கு வருவதில் பாதிக்கு மேல் நிசான் பேட்ரோலும் டொயோட்டா லேண்ட் க்ரூஸரும்தான். வி6 என்றால் ஆறு சிலிண்டர், வி8 என்றால் எட்டு, இரண்டு வரிசையாக ‘V’ வடிவில் நிற்கும். லிட்டர் என்று சொல்வது அந்த சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு. “வி6 வாங்கவா, வி8 வாங்கவா” என்று கேட்டு நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (துபாய்): அண்ணே, வீட்டில் ஐந்து பேர். 2018 பேட்ரோல் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 4 லிட்டர் வி6, இன்னொன்று 5.6 லிட்டர் வி8. விலையில் 20 ஆயிரம் திர்ஹாம் வித்தியாசம். பெட்ரோல் செலவுக்குப் பயந்து வி6 பக்கம் சாய்கிறேன். சரிதானே?

பதில்: முடிவு சரி தம்பி, காரணம்தான் இடிக்கிறது. வருடத்துக்கு 20 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்று வையுங்கள். என்னிடம் வருபவர்கள் சொல்லும் கணக்கில் வி6 லிட்டருக்கு 7 கிலோமீட்டர் தரும், வி8 6 தரும். அப்படியானால் வி8 வருடத்துக்கு 480 லிட்டர் போலக் கூடுதலாகக் குடிக்கும். லிட்டர் 2.70 என்று போட்டால் 1,300 திர்ஹாம். மாதம் நூற்றுச் சொச்சம், அவ்வளவுதான். உங்களைக் கடிக்கப்போவது அந்த 20 ஆயிரமும், இன்சூரன்ஸும், பின்னால் வரும் பார்ட்ஸ் விலையும்தான்.

இனி ஓட்டத்தைப் பார்ப்போம். வி6-ல் 275 எச்.பி. (குதிரைத்திறன்), வி8-ல் 400. வண்டியோ காலியாக நின்றாலே இரண்டரை டன்னுக்கு மேல். துபாய், அபுதாபி, பள்ளிக்கூடம், லூலு சூப்பர்மார்க்கெட் என்று போய்வர 275 தாராளம். ஹத்தா மலை ஏற்றத்தில் ஐந்து பேரும் சாமானும் ஏசியும் சேர்ந்தால் வி6 கியரைக் குறைத்துச் சத்தம் போடும். ஆனால் ஏறிவிடும். அந்தச் சத்தம் உங்களுக்குத் தாங்குமா என்று ஒரு வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தனியாக ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது.

கேள்வி (அஜ்மான், கல்லூரி மாணவர்): சார், எட்டு சிலிண்டர் ஏன் வழுவழுவென்று ஓடுகிறது? சிலிண்டர் கூடினாலே அதிர்வு குறையுமா?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில், சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி, சுற்றுவதற்குள் எல்லா சிலிண்டரும் ஒரு முறை வெடிக்க வேண்டும். ஆறு இருந்தால் 120 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. எட்டு இருந்தால் 90-க்கு ஒன்று. ஊரில் ஒரே உரலில் பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி குத்தினால் ஒவ்வொரு குத்துக்கும் நடுவில் வெற்றிடம் தெரியும். மூன்று பேர் சேர்ந்தால் ஒரு குத்து அடங்குமுன் அடுத்தது விழுந்துவிடும். வி6-லும் குத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழத்தான் செய்கின்றன. வி8-ல் இன்னும் நெருக்கமாக விழுகின்றன.

ஆனால் வெடிப்பின் நெருக்கம் பாதிக் கதைதான். பிஸ்டன் மேலும் கீழும் போவதால் வரும் விசையையும் சமன் செய்தாக வேண்டும். வி8-ன் கிராங்க் முன்பக்கமிருந்து பார்த்தால் கூட்டல் குறி மாதிரி இருக்கும். 1923-ல் கேடிலாக் கொண்டுவந்த அமைப்பு அது. எதிர் எடைகள் சேர்த்தால் விசைகள் ஒன்றையொன்று அடித்துவிடும். வி6-ல் முன்னும் பின்னும் லேசாகத் தலையாட்டும் விசை கொஞ்சம் மிஞ்சும், அதை இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் மவுண்ட் செத்த வி6 சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது.

ஆனால் ஆறு சிலிண்டரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டால் எதிர் எடையின் தயவில்லாமலேயே சமன் ஆகிவிடும். பிஎம்டபிள்யூ நேர்வரிசை ஆறு ஓட்டியவர்களைக் கேளுங்கள். எண்ணிக்கையோடு சிலிண்டர்கள் நிற்கும் வரிசையும் முக்கியம். பழைய லேண்ட் க்ரூஸர் 100-ல் 4.5 லிட்டர் நேர்வரிசை ஆறும் 4.7 லிட்டர் வி8-ம் இரண்டும் இங்கே விற்றன. அந்த ஆறு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்வி (அல் ஐன்): வாரக் கடைசியில் மணலில் இறங்குவோம். வி6-க்கு மணலில் மூச்சு வாங்கும் என்கிறார்களே?

பதில்: கொஞ்சம் வாங்கும். பெரிய மணல்மேட்டில் பாதியில் வேகம் போனால், மிதித்த உடனே கிடைக்கும் இழுவை வேண்டும். வி8 குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) அதைத் தரும். வி6-ல் ஆர்.பி.எம்.மை மேலேயே பிடித்துக்கொண்டு ஏற வேண்டும், கை பழக வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஹத்தா ரோட்டில் இருக்கும் பிக் ரெட் மேட்டில் ஒரு 5.7 வி8 லேண்ட் க்ரூஸர் தார் ரோட்டுக் காற்றோடு, 33 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்த அளவு) வைத்துக்கொண்டு, ஏறப்போய் நான்கு சக்கரமும் புதைந்து வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. கீழே இருந்த 4 லிட்டர் வி6-காரர் டயர் டயராகக் குந்தி உட்கார்ந்து டயர் மணலில் அகலமாகப் பரவட்டும் என்று 14 பிஎஸ்ஐ வரை இறக்கினார், பத்து நிமிடம் ஆகியிருக்கும். நேராக மேலே போனார். போய்க் கயிறு கட்டி அந்த வி8-ஐ இழுத்தவரும் அவர்தான். வி8-க்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சத்தை டயருக்குக் காற்றடிக்கும் நல்ல கம்ப்ரஸருக்கும் காற்றழுத்த மானிக்கும் முதலில் ஒதுக்குங்கள். லிவா மாதிரி பெரிய மணலுக்கு மாதாமாதம் போகிறீர்கள், இல்லை பின்னால் படகோ கேரவனோ இழுக்கிறீர்கள் என்றால் தயங்காமல் வி8 வாங்குங்கள்.

கேள்வி (தோஹா): இப்போது வரும் ட்வின் டர்போ வி6 பழைய வி8-ஐத் தூக்கிச் சாப்பிடுகிறதாமே? நம்பி வாங்கலாமா?

பதில்: எண்களைப் பார்த்தால் அப்படித்தான். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி; ட்வின் என்றால் இரண்டு. லேண்ட் க்ரூஸர் 200-ன் 5.7 வி8-ல், அமெரிக்க மாடல் கணக்கில், 381 எச்.பி., 543 நியூட்டன் மீட்டர் (இது முறுக்கு விசை, அதாவது இழுவையின் அளவு). 2021-ல் வந்த 300-ன் 3.5 ட்வின் டர்போ வி6-ல் 409 எச்.பி., 650 நியூட்டன் மீட்டர். 2024-ல் அபுதாபியில் அறிமுகமான புது பேட்ரோலில் வி8 கிடையவே கிடையாது. அதன் ட்வின் டர்போ வி6 425 எச்.பி., 700 நியூட்டன் மீட்டர்.

நம்பலாமா என்பதற்கு இரண்டு செய்தி சொல்கிறேன். 2024-ல் அமெரிக்காவில் டொயோட்டா இதே 3.5 வி6 குடும்பத்து இன்ஜின் உள்ள டன்ட்ரா, லெக்ஸஸ் எல்எக்ஸ் வண்டிகளை ஒரு லட்சத்துக்கு மேல் திரும்ப அழைத்தது. இன்ஜின் கடைசலின்போது உள்ளே தங்கிய துகள்தான் காரணம். அதைக் காட்டி “பார்த்தீர்களா, வி8-தான் வி8” என்றார்கள். அடுத்த வருடமே ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி8-ஐ கிராங்க், கனெக்டிங் ராட் கோளாறுக்காக அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகளில் திரும்ப அழைத்தது. ஆறோ எட்டோ, எண்ணிக்கை யாரையும் காப்பாற்றவில்லை.

டர்போ வாங்கினால் எங்கள் ஊர்ச் சூட்டுக்கு ஏற்ப நடந்துகொள்ளுங்கள். ஆயில் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. மணலில் விரட்டிவிட்டு வந்ததும் உடனே இன்ஜினை அணைக்காதீர்கள். இரண்டு நிமிடம் சும்மா ஓடட்டும், டர்போ ஆறட்டும். இதெல்லாம் முடியாது என்பவர்களுக்கு டர்போ இல்லாத வி6 லேண்ட் க்ரூஸர், பேட்ரோல் இரண்டிலும் கிடைக்கிறது.

கேள்வி (ஷார்ஜா, 24 வயது): அண்ணே, முதல் வண்டி. அமெரிக்கன் ஸ்பெக் (அமெரிக்காவில் விற்கச் செய்த) ஃபோர்டு மஸ்டாங். 2015 வி6 எடுக்கவா, 5.0 வி8 எடுக்கவா?

பதில்: வி6 எடு தம்பி. 3.7 லிட்டர், 300 எச்.பி. உன் வயதில் அதுவே அதிகம். 2018 மாடலிலிருந்து அந்த வி6 நிறுத்தப்பட்டுவிட்டது, ஆனால் பார்ட்ஸ் கிடைக்கிறது. இந்த விலைக்கு வரும் வி8-ல் பெரும்பாலானவை யாரோ டயர் தேயத் தேயச் சுற்றியவை. அதைவிட முக்கியம், அமெரிக்காவில் விபத்தாகி ஏலத்தில் எடுத்த வண்டியா என்று சேஸிஸ் நம்பரை வைத்துப் பார். என்னிடம் வந்த ஒன்றில் ஏர்பேக் மூடியைத் திறந்தால் உள்ளே பையே இல்லை, மூடியை மட்டும் ஒட்டியிருந்தார்கள். ஓட்டியவன் உன் வயதுப் பையன். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கமில்லை. ஏர்பேக்கைச் சோதிக்காமல் காசு கொடுக்காதே.

கேள்வி (மஸ்கட்): வி8 சர்வீஸ் செலவு எவ்வளவு கூடும்?

பதில்: ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில், ஆயில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாட்ஜ், ஜீப் வண்டிகளில் வரும் ஹெமி வி8 என்றால் சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் 16. வாங்கும் முன் எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி (அபுதாபி): ஊருக்குத் திரும்பும்போது வி8-ஐத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகலாமா?

பதில்: ஆசை புரிகிறது, ஆனால் வழியில்லை. இங்கே ஸ்டீயரிங் இடது பக்கம், இந்தியாவில் பழைய வண்டி இறக்குமதிக்கு வலது பக்கம் இருக்க வேண்டும், மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. இங்கேயே நல்ல கையில் விற்றுவிடுங்கள்.

கேள்வி (ராஸ் அல் கைமா, ஒரு சகோதரி): என் கணவரிடம் 2004 லேண்ட் க்ரூஸர் 4.7 வி8 இருக்கிறது. 3 லட்சத்து 40 ஆயிரம் ஓடியாயிற்று. ஓமானில் இருக்கும் சலாலாவுக்குப் போக வேண்டும். விற்றுவிட்டுப் புதிதாக ஒரு வி6 எடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: விற்காதீர்கள் அக்கா. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். தேன் நிறத்தில் மெல்லிய பூச்சு இருந்தால் நன்றாக வைத்திருக்கிறார் என்று அர்த்தம். கறுப்பாகக் களிம்பு ஒட்டினால் மட்டும் யோசிக்கலாம். ரேடியேட்டரைக் கழற்றி, நடுவில் அடைந்திருக்கும் மணலைப் பின்பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்து எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் டைமிங் பெல்ட், இன்ஜினின் வால்வுகளை கிராங்கோடு ஒரே தாளத்தில் ஓட்டும் பட்டை. இந்த இன்ஜினில் செயின் கிடையாது, 1,50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட் மாற்ற வேண்டும். உங்கள் ஓட்டத்துக்கு இரண்டு முறை மாற்றியிருக்க வேண்டும். பில்லைத் தேடுங்கள். இரண்டாவது பில் கிடைக்கவில்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றிவிட்டு சலாலாவுக்குக் கிளம்புங்கள்.