பழியை அண்டை நாட்டின் மீது திருப்பிய தாக்குதல்

கேள்வி: ஒலிம்பிக் போன்ற பெரும் போட்டிகளின் மீது கணினித் தாக்குதல் உண்மையிலேயே நடந்திருக்கிறதா?
– வாசகர், திருச்சி

பதில்: நடந்திருக்கிறது. 2018 பிப்ரவரி 9 அன்று, தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா நடந்துகொண்டிருந்த வேளையில், ‘ஒலிம்பிக் டெஸ்ட்ராயர்’ எனப் பின்னர் பெயர்பெற்ற நச்சு மென்பொருள் அமைப்பாளர்களின் சர்வர்களை முடக்கியதால் வைஃபை நின்றது. இணையதளம் செயலிழந்து, நுழைவுச்சீட்டை அச்சிட முடியாமல் பார்வையாளர்கள் தவித்தனர். பொறியாளர்கள் இரவெல்லாம் உழைத்து மறுநாள் காலையில் சீர்செய்தார்கள்.

தாக்குதலைக் காட்டிலும் அது விட்டுச்சென்ற தடயங்களே விசித்திரமானவை. பழி வடகொரியாவின் மீது விழும்படி நிரலில் போலி அடையாளங்களைப் பதித்திருந்ததைக் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கையின் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2020 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறை, ரஷ்ய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த ஆறு பேர் மீது குற்றம்சாட்டியது, ரஷ்யா மறுத்தது. ஊக்கமருந்து விவகாரத்தால் அந்தப் போட்டியில் ரஷ்யக் கொடிக்கு இடமில்லாமல் போன ஆத்திரம்தான் காரணம் என்றே எனக்கும் தோன்றுகிறது.