பழைய பாணி வாழ்த்து அட்டை, பரிசில் கட்டும் டேக்: எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: ஸ்டாம்ப், இங்க் பேட், எம்பாஸிங் பவுடர், சணல் கயிறு எல்லாம் சேர்த்து ‘வின்டேஜ் கார்டு கிட்’ என்று ஆன்லைனில் விற்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர் அதை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அத்தகைய பெட்டிகளில் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவது பெரும்பாலும் ஸ்டிக்கரும் ரிப்பனும்தான். எம்பாஸிங் என்பது ஈர இங்க் பதிவின் மேல் பவுடரைத் தூவி, சூடான காற்றை வீசும் ஹீட் கன்னால் உருக்கி, கோடுகளை மேடாக்குவது. வேலை நன்றாக அமைவது இங்க், தாள், ஹீட் கன் மூன்றையும் பொறுத்தது. இவற்றைத் தனித்தனியாகப் பார்த்து வாங்குங்கள்.

தொடக்கத்துக்கு ஹீட் கன்னுடன் இவ்வளவு போதும்: எம்பாஸிங்குக்கான நிறமற்ற இங்க் பேட் ஒன்று (வெர்சாமார்க் பலரும் பயன்படுத்துவது), பழுப்பு நிற இங்க் பேட் ஒன்று, பவுடர் ஒரு குப்பி, 250 முதல் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) கொண்ட வழவழப்பான தந்த நிறத் தாள் 10, ஸ்டாம்ப் இரண்டு அல்லது மூன்று. பவுடரில் பளீரென்ற தங்கத்தைவிடச் செம்பு நிறமோ மங்கிய தங்கமோ பழைய தோற்றத்துக்குப் பொருந்தும். ஸ்டாம்பில் கையெழுத்து வரிகள், செடிகொடி, தபால் முத்திரை ஆகிய மூன்றும் இருந்தால் மாற்றி மாற்றிப் பல அட்டைகள் செய்யலாம்.

ஏ4 தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் இரண்டு அட்டை. 7 செ.மீ. அகலம், 14 செ.மீ. நீளம் என்று வெட்டினால் ஒரே தாளில் 6 டேக். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாளைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். வாட்டர் கலர் தாள் என்றால் சொரசொரப்பானதைத் தவிர்த்துவிடுங்கள். மெல்லிய கோடுகள் அதில் விட்டுவிட்டுப் பதியும்.

கேள்வி: கோட்டுக்கு வெளியிலும் பவுடர் ஒட்டிக்கொண்டு புள்ளி புள்ளியாக உருகுகிறது. சில இடங்களில் எண்ணெய் பட்டதுபோல் ஆகிறது. பவுடர் மட்டமானதா?

பதில்: பவுடரைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனை. அலுமினியத் தாளில் ஒரு சிட்டிகை போட்டுச் சூடு காட்டுங்கள். சீராக உருகிப் பளபளப்பான படலமானால் பவுடர் நல்லது. உருகாமல் மினுக்கு மட்டும் மிஞ்சினால் உங்களுக்கு வந்தது கிளிட்டர், திருப்பிக் கொடுங்கள்.

வெளியே ஒட்டுவதற்குக் காரணம் தாளிலுள்ள ஈரம், கைரேகை, நிலைமின்சாரம். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் இது அதிகம். ஸ்டாம்ப் வைப்பதற்கு முன் தாளுக்கு மூன்று நான்கு நொடி சூடு காட்டி ஆறவிடுங்கள். மெல்லிய துணியில் முகப்பவுடரை முடிந்து தாள் முழுவதும் லேசாக ஒற்றுங்கள். பிறகு ஸ்டாம்ப் வைத்து, உடனே எம்பாஸிங் பவுடரைத் தாராளமாகக் கொட்டி, தாளைச் சாய்த்து, பின்பக்கம் சுண்டிவிடுங்கள். மிச்சத்தைக் குப்பியில் சேர்த்துவிடலாம். அங்கங்கே நிற்கும் துகளை உலர்ந்த மெல்லிய தூரிகையால் எடுங்கள். சூடு காட்டிய பிறகு எடுக்க முடியாது.

எண்ணெய்த் தோற்றம் சூடு அதிகமானதால் வருவது. உருகிய பவுடர் மேலே நிற்காமல் தாளுக்குள் இறங்கிவிடுகிறது. ஹீட் கன்னை வேறு பக்கம் காட்டி 10, 15 நொடி ஓடவிட்டு, நன்றாகச் சூடானபின் 3 முதல் 5 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். ஓர் இடம் பளபளத்ததும் அடுத்த இடத்துக்கு நகருங்கள். தடவினால் உப்புத்தாள்போல் இருந்தால் சூடு போதவில்லை. தாள் வளைந்தால் பின்பக்கத்திலிருந்து சூடு காட்டலாம்.

பவுடரே பிடிக்கவில்லையா? நீங்கள் எடுத்தது டை இங்க்காக இருக்கும். அது தாளில் பட்டதும் உலர்ந்துவிடும். பிக்மென்ட் இங்க்கோ எம்பாஸிங் இங்க்கோதான் பவுடர் ஒட்டும்வரை ஈரமாக நிற்கும். நுணுக்கமான எழுத்துக்கு மிக மென்மையான ரகப் பவுடரைக் கேளுங்கள். பருமனான ரகம் எழுத்தின் இடைவெளிகளை அடைத்துவிடும். குப்பியின் உயரத்தைப் பார்த்து விலையை ஒப்பிடாதீர்கள், உள்ளே எத்தனை கிராம் என்று பாருங்கள்.

கேள்வி: ஹேர் டிரையர் போதாதா? உறவினர் அமெரிக்காவிலிருந்து ஹீட் கன் வாங்கி வருவதாகச் சொல்கிறார்.

பதில்: ஹேர் டிரையரில் காற்று அதிகம், சூடு குறைவு, உருகும் முன்பே பவுடர் பறந்துவிடும். அமெரிக்கக் கருவி 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் ஏறத்தாழ நான்கு மடங்கு மின்சக்தி பாய்ந்து கருகிவிடும். அதற்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்குவதைவிட இங்கேயே 230 வோல்ட் கருவி வாங்குவது நல்லது. கைவினைக்கு 300 வாட் அளவு போதும். பெயின்ட் உரிக்கும் 1,800, 2,000 வாட் ஹீட் கன் வீட்டில் இருந்தால், குறைந்த நிலையில் வைத்து, தூரம் கூட்டிப் பயன்படுத்தலாம். தாளைக் கிளிப்பால் பிடியுங்கள், அடியில் டைல்ஸ் துண்டு வையுங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

கேள்வி: ஒளி ஊடுருவும் ஸ்டாம்பில் இங்க் முத்து முத்தாகத் திரள்கிறது. ரப்பர் ஸ்டாம்ப் வாங்கியிருக்க வேண்டுமோ?

பதில்: அது மலிவு சிலிகான் ஸ்டாம்பாக இருக்கலாம். புதிய ஸ்டாம்பின் மேல் தயாரிப்பின்போது படிந்த வழவழப்பும் காரணமாகும். பென்சில் அழிப்பானால் முகத்தை லேசாகத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்திப் பாருங்கள். அடியில் ஒரு மவுஸ் பேட் வைத்தால் பதிவு சீராகும். அப்படியும் திரண்டால் மாற்றுங்கள். நல்ல போட்டோபாலிமர் ஸ்டாம்பும் ரப்பருக்கு ஈடாகப் பதியும். வைக்கும் இடம் தெரிவது கூடுதல் வசதி. வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், மஞ்சளாகி இறுகிவிடும்.

இன்னொரு வழி, நம் ஊர் ரப்பர் ஸ்டாம்ப் கடை. உங்கள் பாட்டியின் கையெழுத்தையோ பழைய கடித வரியையோ கொடுத்து, கைப்பிடி இல்லாமல் பாலிமர் தகடாக மட்டும் கேளுங்கள். இங்க் உள்ளேயே ஊறியிருக்கும் வகை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது எம்பாஸிங்குக்கு உதவாது.

கேள்வி: பழுப்பேற்ற டீத்தண்ணீர் போதுமா, டிஸ்ட்ரெஸ் இங்க் அவசியமா?

பதில்: டேக்கிற்கு டீத்தண்ணீர் தாராளமாகப் போதும். ஆனால் டீயில் அமிலத்தன்மை உண்டு. குடும்பப் புகைப்படம் ஒட்டும் அட்டைக்கு அதைத் தவிர்த்து, அமிலமற்ற தாளும் இங்க்கும் வாங்குங்கள். டிஸ்ட்ரெஸ் இங்க் தண்ணீர் பட்டால் பரவும் தன்மை உடையது. அந்தப் பரவலில்தான் பழைய தாளின் கறை கிடைக்கிறது. முதலில் எம்பாஸிங்கை முடியுங்கள், பிறகு ஸ்பாஞ்சால் ஓரத்திலிருந்து உள்நோக்கி வட்டமாகத் தேயுங்கள். உருகி இறுகிய கோட்டில் இங்க் ஒட்டாது, துடைத்தால் போய்விடும். வரிசையை மாற்றினால் ஈர இங்க்கில் பவுடர் ஒட்டிக் கெடும்.

கேள்வி: எம்பாஸிங் போல்டர் மட்டும் வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. அது தாளை இடையில் வைத்து அழுத்திப் புடைப்பு வடிவம் பதிக்கும் பிளாஸ்டிக் அச்சு, அழுத்தும் உருளை இயந்திரமும் வேண்டும். வாங்குமுன் போல்டரின் அளவும் தடிமனும் உங்கள் இயந்திரத்துக்குப் பொருந்துமா என்று பாருங்கள். தாளின் மடிப்பு ஓரம் வெடித்தால் அழுத்துவதற்கு முன் மெலிதாகத் தண்ணீர் தெளியுங்கள். மாதம் நான்கைந்து அட்டை செய்பவருக்கு இந்தச் செலவு தேவையே இல்லை.

கேள்வி: ஆன்லைனில் வந்த பவுடர் குப்பியில் எம்ஆர்பி, எடை எதுவும் இல்லை. படத்தில் செம்பு, வந்தது ஆரஞ்சு. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: மறுக்க முடியாது. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி நிகர அளவு, எம்ஆர்பி, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி ஆகியவை உறையில் இருக்க வேண்டும். விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. விற்பனைப் பக்கத்தையும் குப்பியையும் படமெடுத்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதன்பிறகும் தேவைப்பட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை.